பீவரை விளங்கப்படுத்தியவர்

விளங்கப்படுத்துகிறவர் என்றொரு இனம் நம்மிடையே வாழ்கிறது. நீங்கள் இவரைக் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். துறையில் நின்று மீனவருக்குக் காற்றை விளங்கப்படுத்துவார், பஸ்ஸில் ஏறிச் சாரதிக்குப் பாதையை விளங்கப்படுத்துவார், ஒருவரும் அகப்படாத நாளில் மனைவி ஆக்கிய கறியை மனைவிக்கே விளங்கப்படுத்துவார். கேட்பவருக்கு அது ஏற்கெனவே தெரியுமா? அது இவருடைய கவலை அல்ல.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி கண்ட ஒருவர் கிண்ணியாவில் எங்கள் வாசிகசாலைக்கு அடுத்த வீட்டில் இருக்கிறார். ஸைனுலாப்தீன் சேர். ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்ததில்லை. ஆனாலும் சேர்.

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை பேப்பர் பார்க்க வந்தவர், சிறுவர் பகுதியில் பிள்ளைகள் பீவரின் படம் கீறிக்கொண்டிருப்பதைக் கண்டார். பேப்பர் மடிக்கப்பட்டது.

“நீங்க இருங்க மிஸ், இத நான் விளங்கப்படுத்துறன்” என்று நூலகர் நஜ்முன் நிஸாவின் கதிரையில் அமர்ந்தார்.

குளிர்நாட்டு ஆறுகளில் வாழும் இந்தப் பிராணியின் முன்பற்கள் இரும்புச் சத்தால் செம்மஞ்சளாக இருப்பதையும், அவை சாகும்வரை வளர்வதையும், மூக்கையும் காதையும் மூடிக்கொண்டு அது கால் மணித்தியாலம் நீருக்குள் இருப்பதையும், ஆபத்து வந்தால் தட்டை வாலால் தண்ணீரில் அறைந்து குடும்பத்தை எச்சரிப்பதையும், கிளையும் சேறும் கொண்டு ஆற்றையே மறித்துக் கட்டுவதையும் மூச்சு விடாமல் விளங்கப்படுத்தினார். எல்லாம் உண்மைதான். அவர் கையிலிருந்த படப் புத்தகத்தில் இருந்ததுதான். பிள்ளைகள் அதைப் போன கிழமையே வாசித்து முடித்திருந்தார்கள்.

பல்லுக்குப் பின்னால் உதட்டை மூடிக்கொண்டு நீருக்கடியில் கட்டை கடிக்கும் ஆற்றலும் பீவருக்கு உண்டு. வாயை மூடிக்கொண்டு வேலை செய்வது பற்றிய அந்தப் பக்கத்தை மட்டும் சேர் விரைவாகப் புரட்டிவிட்டார்.

பிறகு செய்முறை. வாசிகசாலைக்குப் பின்னால் கடலோரக் களப்புக்கு ஓடும் வடிகானை மறித்துப் பிள்ளைகள் தென்னோலையும் தடியும் சேறுமாக அணை கட்டினார்கள். சேர் கரையில் நின்று கட்டளை இட்டார். ஐந்தாம் வகுப்பு றிஷானா கேட்டாள்:

“சேர், மழை வந்தா இந்தத் தண்ணி எங்கால போகும்?”

“நல்ல கேள்வி மகள். அதுக்கு முதல் அணை எண்டா என்னெண்டு விளங்க வேணும்.”

அணை என்றால் என்னவென்று அவர் விளங்கப்படுத்தி முடிக்க அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டது. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். அணை போகவில்லை.

செவ்வாய் காலையிலிருந்து மழை. பகல் இரண்டு மணிக்கு வடிகான் நிரம்பி, வாசிகசாலையின் பின்கதவால் தண்ணீர் உள்ளே வந்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் கை எட்ட வேண்டுமென்று நஜ்முன் நிஸா அவர்களுடைய புத்தகங்களை அடித்தட்டில் அடுக்கியிருந்தார். இரண்டு வருடம் கடிதம் எழுதி வாங்கிய புத்தகங்கள். அவர் முழங்காலில் நின்று அவற்றை அள்ளி மேசையில் போட்டபோது, சேர் குடையோடு வாசலில் தோன்றினார்.

“இது ஏனெண்டா மிஸ், மறிச்ச தண்ணி பள்ளத்தத் தேடும்.”

“விளங்குது சேர். இந்தப் புத்தகங்களப் பிடிங்க.”

“பிடிக்கிறன். அதுக்கு முதல் இத விளங்கிக்கொள்ளுங்க.”

அவர் விளங்கப்படுத்திக்கொண்டிருக்கையிலேயே தண்ணீர் வடியத் தொடங்கியது. இருவரும் பின்கதவால் எட்டிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த றிஷானா, புத்தகப்பையை மதிலில் வைத்துவிட்டு, இடுப்பளவு நீரில் நின்று ஓலைகளை ஒவ்வொன்றாக இழுத்தெறிந்துகொண்டிருந்தாள். நஜ்முன் நிஸா பதறி ஓடிப்போய் அவளைக் கரைக்குத் தூக்கினார்.

“இப்பிடிச் செய்யச் சொல்லி ஆர் மகள் சொன்னது?” என்றார் சேர்.

“ஒருத்தரும் சொல்லல்ல சேர். தண்ணி நிண்டிச்சு, எடுத்தன்.”

பதினொரு புத்தகங்கள் ஊறிப் போயின. நஜ்முன் நிஸா அவற்றை மின்விசிறிக்குக் கீழே விரித்து வைத்துவிட்டு அழுதார். சேர் வருந்தவில்லையா? வருந்தினார். ஏன் வருந்துகிறார் என்பதை அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். அடுத்த கிழமை சந்தியில், தம்மிடம் படித்த பிள்ளை ஒன்று வாசிகசாலையைக் காப்பாற்றிய விதத்தையும் விளங்கப்படுத்தினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இதை வீட்டில் யாருக்கேனும் வாசித்துக் காட்டுகையில், இடையில் நிறுத்தி, “இவர் என்ன சொல்ல வாறாரெண்டா...” என்று நீங்கள் தொடங்கியிருந்தால், கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தை ஒருமுறை பாருங்கள். அவருக்கு விளங்கிக் கனநேரமாகிவிட்டது.