மச்சானுக்குப் போகாத மெயில்

இதைத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று பயமாகத்தான் இருக்கிறது. மெயில் சமாச்சாரம், ஒரு சொல் பிசகினாலும் பாவம், அந்த மனுஷர் மேல் இல்லாத பழி விழும். இருக்கிற பழியே அவருக்குப் போதும்.

கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் மெயில் சர்வர் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலை. அவர் மாடியறையில் மெயில்களை வாங்கி அனுப்பும் ஒரு சர்வர் கம்ப்யூட்டர் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும். மச்சானின் லேத் பட்டறைக்கு மெயில் வசதி செய்து கொடுத்தவரும் அவர்தான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். தங்கமான மனிதர். எதைக் கண்டாலும் கழற்றிப் பார்ப்பார், அவ்வளவுதான். போன தடவை வந்தபோது சுழல் நாற்காலியைப் பழுது பார்த்தார். கொஞ்சம் திருகாணி மிச்சமாயிற்று. அன்றிலிருந்து அதில் யார் உட்கார்ந்தாலும் அது வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறது. இந்தத் தடவை சர்வரைத் திறந்துவிடுவார் என்று வீட்டுக்காரருக்குப் பயம்.

பட்டறைச் சத்தத்தில் மச்சானுக்குப் போன் கேட்காது. எதுவானாலும் மெயில்தான். வருஷாவருஷம் போல நாலு நாள் வந்து தங்கும்படி மனைவி அண்ணனை அழைக்கப்போகிறாள் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். எந்தப் பெயருக்கு வரும் மெயிலை எந்த சர்வர் வாங்கிக்கொள்ளும் என்று டிஎன்எஸ் என்ற இணைய விலாசப் பட்டியலைக் கேட்டால் சொல்லும். அதில் பட்டறையின் பெயருக்கு நேராக மாடியறை சர்வரைப் போட்டுவிட்டார். மற்ற மெயில்களை நல்ல பிள்ளையாகப் பட்டறைக்கே தள்ளிவிட்டார். அழைப்பை மட்டும் பிடித்துவைத்து, "இந்த வருஷம் தோதுப்படாது தங்கச்சி" என்று மச்சான் பெயரில் பதிலும் போட்டார்.

மறுநாள் மனைவியிடமிருந்து அண்ணனுக்கு இன்னொரு மெயில். அதையும் மாடியில் திறந்தார்.

"பரவாயில்லை அண்ணா. நீ தங்குற அறை சும்மாதானே கிடக்குது, நம்ம பெரியப்பா குடும்பத்தை வரச் சொல்லப்போறேன். ஏழு பேர். மாடியறையையும் ஒழிச்சுக் கொடுத்துடலாம். அவர்கிட்ட இன்னும் சொல்லலை."

சாப்பிட உட்கார்ந்தவர் தானாகவே பேச்சை எடுத்தார்.

"உங்க அண்ணனையே கூப்பிடேன்."

"என்ன, திடீர்னு அண்ணன் மேல பாசம்?"

"ஏழு பேருக்கு ஒருத்தர் தேவலையே."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்த ஏழு பேர்?"

அவர் தண்ணீர் குடித்தார். நிறையக் குடித்தார்.

"அண்ணன் என்னைக்குத் தங்கச்சின்னு எழுதியிருக்கு? கழுதைன்னுதான் எழுதும். அதான் சந்தேகம் வந்துச்சு. விலாசத்தைச் சரிபார்க்க நீங்க சொல்லிக் கொடுத்தீங்களே, அதே மாதிரி பட்டறைப் பேரைப் போட்டு டிஎன்எஸ்ஸைக் கேட்டேன். மெயில் வாங்குறது நம்ம மாடியறைன்னு காட்டுச்சு. அதுக்கப்புறம்தான் பெரியப்பாவைப் பத்தி எழுதினேன்."

"அது... சும்மா பழுது பார்க்கலாம்னு..."

"அண்ணன் கைராசி உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா?"

அவள் கண்ணெதிரிலேயே பழைய சர்வரின் பெயரைத் திரும்பப் போட்டார். மாற்றம் ஊரெல்லாம் தெரியக் கொஞ்சம் நேரமாகும் என்றார். ஆகட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து, திரும்பத் திரும்ப டிஎன்எஸ்ஸைக் கேட்டாள். சரியான பெயர் வந்த பிறகே அழைப்பை அனுப்பினாள். சாயங்காலமே பதில் வந்தது: "கழுதை, சனிக்கிழமை வர்றேன்."

பூட்டிய பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்க்கிறவளுக்கு இது போதுமா? எதற்கும் இருக்கட்டும் என்று சர்வர், டிஎன்எஸ் இரண்டின் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டாள். இப்போதெல்லாம் வீட்டுக்காரர் வேலை தொடங்குமுன் அடுப்படி வாசலில் வந்து, "கொஞ்சம் வந்து திறந்து விடறியா?" என்று கை கட்டி நிற்கிறார்.