ஆண்டாயி ஆடிய சாம்பா

காதுகுத்துப் பந்தலில் பிள்ளையார் பாட்டு வரவேண்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து கடகடவென்று வெளிநாட்டு மேளம் கொட்டியதும் மைக்செட் மாயவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உறை மாறிப்போய் வேறு இசைத்தட்டைப் போட்டுத் தொலைத்திருக்கிறான்!

அந்தத் தட்டு ஆலத்தியூர் சிமெண்ட் ஆலை இன்ஜினியர் பாலசுந்தரத்தின் உயிர். வாலிபத்தில் பம்பாயில் அவரும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து, பிரேசில் நாட்டு சாம்பா மேளத்தில் ஜாஸைக் கலந்து போட்ட ஒரே இசைத்தட்டு. வருடம் திரும்புவதற்குள் மூவரும் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்துவிட்டார்கள். இப்போதுதான் பழைய டிரங்குப் பெட்டியில் அது கிடைத்தது.

"கேசட்ல ஏத்திக் கொடு. கீறல் விழுந்துச்சு, உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். இன்று வாங்க வருவார்.

மொட்டை ஊசி தட்டை உழுதுகொண்டிருந்தது. மாயவன் தூக்கப்போனான். அதற்குள் பந்தலில் சாமியாடி ஆண்டாயி தலையை விரித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

காதுகுத்து வீட்டுக்காரர் செல்லக்கண்ணு பாய்ந்துவந்து அவன் கையைப் பிடித்தார்.

"எடுக்காதடா! சாமி ஆடுறப்ப மேளம் நின்னா வூட்டுக்கு ஆவாது. ஆத்தா ஆடி முடிச்சு மலையேறட்டும்."

"அண்ணே, இது நம்ம மேளமே இல்லண்ணே!"

"எந்த மேளமா இருந்தா என்ன? ஆத்தாவுக்குப் புடிச்சிருக்குல்ல?"

சத்தத்தையாவது குறைப்போம் என்று திருகினான். ஆண்டாயியின் ஆட்டமும் தளர்ந்தது.

"ஆத்தா மொகம் வாடுது பாரு! கூட்டுடா!"

கூட்டினான். ஆண்டாயி அவனை எரிப்பதுபோலப் பார்த்துவிட்டு ஆடினாள்.

ஒருவழியாக ஒரு பக்கம் முடிந்தது. ஆண்டாயி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"ஆத்தா காத்துக்கிட்டு நிக்குது, திருப்பிப் போடுடா!" என்று கத்தினார் செல்லக்கண்ணு.

மறுபக்கம் இன்னும் வேகம். அந்த நேரம் பார்த்துத்தானா பாலசுந்தரம் பஸ்ஸை விட்டு இறங்கவேண்டும்?

"அடப்பாவி! இந்த ஊசியிலயா போட்ட?"

"மேளம் நிக்கக்கூடாதாம் சார்!" மாயவன் அழாத குறை. "இதுல மேளம் வாசிச்சதே நீங்கதான? நீங்களே கொட்டுங்க சார், நான் தட்டை எடுத்துடறேன்!"

சமையல்காரரின் அண்டாவைக் கவிழ்த்து பாலசுந்தரம் தட்டத் தொடங்கினார். மாயவன் ஊசியைத் தூக்கினான். தட்டு தப்பித்தது.

ஆனால் பாலசுந்தரம் நிறுத்தவில்லை. சட்டை தொப்பலாக நனைந்தும், கண்ணை மூடிக்கொண்டு வெளுத்து வாங்கினார். "போதும் சார்" என்று மாயவன் கெஞ்சியது காதிலேயே விழவில்லை.

ஆண்டாயி சுழன்று சுழன்று மாயவனிடம் வந்தாள். விபூதி பூசத்தான் வருகிறாள் என்று பயபக்தியோடு குனிந்தான்.

அவள் அவன் காதருகே சீறினாள்: "எனக்கு மொத பாட்டுலயே மலையேறிடுச்சுடா. மேளம் நின்னாத்தான நான் ஒக்கார முடியும்? மொதல்ல அந்த சாருக்கு வேப்பிலை அடி!"