கடைசி இடத்தில் ஒரு கரடி

அன்பும் மதிப்பும் நிறைந்த அக்காவுக்கு,

உன் முழங்கால் வலியும் அத்தானின் அரசியல் பேச்சும் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே வீட்டில் எல்லோரும் சுகம், என்னைத் தவிர. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய்; அதனால்தான் கடிதம்.

எங்கள் தலைமையாசிரியை கல்லூரி விடுதியில் உன் அறைத்தோழியாக இருந்தவர். அந்த உரிமையில் நீ அவரிடம் பேச வேண்டும். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு இயற்பியலை எனக்குத் தருவதா என்று முடிவு செய்ய, நேற்று என் ஒன்பதாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். "உங்க வகுப்புல தூக்கம்தான் சார் வருது. கொஞ்சம் சிரிப்பும் வேணும், தொழில்நுட்பமும் வேணும்" என்று முன்பே சொல்லியிருந்தார். நானும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கிளறினேன். திரையில் வெப்பத்தைப் பற்றி வினாடி வினா, பிள்ளைகள் கையில் டேப்லெட். செயலியே ஆளுக்கொரு பட்டப்பெயர் கொடுத்துவிடும், யார் எது என்று மற்றவருக்குத் தெரியாது. முதல் கேள்வியிலிருந்தே 'மின்னல் முயல்' முதலிடம், 'சோம்பல் கரடி' கடைசி. கரடியிடமிருந்து ஒரு பதில்கூட இல்லை. எனக்குக் குஷி வந்துவிட்டது. "கரடியாரே, புத்தகத்தைப் பிரிச்சீங்களா, இல்ல தலைக்கு வச்சுப் படுத்துட்டீங்களா?" என்றேன். முன்வரிசை வாயாடி, "எழுப்பாதீங்க சார், கடிச்சுடும்" என்றாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. என் பேச்சுக்கு இத்தனை பேர் சிரித்ததே இல்லை என்பதால் நிறுத்த மனம் வரவில்லை. "கரடியாரோட மூளை வெப்பத்தையே கடத்தாது போல" என்பதுவரை போய்விட்டேன். மணி அடித்தது. கடைசி பெஞ்சிலிருந்து தலைமையாசிரியை எழுந்து, கைப்பேசியைப் பைக்குள் போட்டபடி, "நானும் விளையாடினேன் சார்" என்றார்.

அவர் வரலாறு படித்தவர். மீதியை நீயே ஊகித்துக்கொள்.

மாலையில் அவர் அறைக்குப் போனேன். "மேடம், கரடி நீங்கதான்னு தெரியாம கிண்டல் பண்ணிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஓ, கடைசி இடம் நான்தான்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

"வரலாறு படிச்சவங்களுக்கு அது சகஜம்தான் மேடம்" என்று ஆறுதலும் சொல்லிவிட்டு வந்தேன். அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை. தம்பிக்கு வாய்தான் நீளம், மனசு சுத்தம் என்று நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், இயற்பியல் மட்டும் எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பை நம்பியிருக்கும் உன் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடப்போகும் நேரத்தில் கைப்பேசியைத் திறந்தேன். செயலி வேலை செய்கிறதா என்று பார்க்க, வகுப்புக்கு முன் நானும் அதில் சேர்ந்துவிட்டு, அப்படியே சட்டைப் பையில் போட்டிருக்கிறேன். "சோம்பல் கரடியே, அடுத்த முறை முயற்சி செய்" என்கிறது. 'முயல் நான்தான்' என்று இதுவரை ஒரு பிள்ளையும் சொல்லிக்கொள்ளவில்லை. முதலிடம் வந்த பிள்ளை சும்மா இருக்குமா? ஆக, முயல் யார் என்பதும் விளங்கிவிட்டது. வகுப்பில் நான் கிண்டல் செய்தது என்னைத்தான் அக்கா. முதலிடம் வந்த மேடத்தை அவமதித்தது, மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில். பத்தாம் வகுப்புப் பேச்சையே எடுக்காதே. ஒன்பதாம் வகுப்பாவது என்னிடம் இருக்குமா என்று மட்டும் கேள்.