அலைகட்டியாரும் தகரத் தொட்டிகளும்

கடல் சுவரை அலை தாண்டாமல் கட்டிப்போடுகிறாராம். அதனால் அவருக்கு அலைகட்டியார் என்று பெயர். தாடி கிடையாது, சடை கிடையாது. நல்ல மழைக்கோட்டு, கையில் செப்புக் கம்பி. காலத்துக்கேற்ற மகான்!

சுவர் மேல் ஏறிக் கம்பியை நீட்டுவார். ஆளுயர அலை சீறிக்கொண்டு வரும். பாதி வழியில் நுரைத்து உடைந்து, அவர் காலடியில் வாலைச் சுருட்டிக்கொள்ளும். கீழே கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். உடனே மந்திரித்த கயிறு விற்பனைக்கு வரும். கடலைக் கட்டியவர் கல்லாவும் கட்டினார்.

என் அண்ணனும் அந்தக் கயிற்றைக் கட்டியிருந்தார். போன புயலில், சுவரின் வளைவில் தாண்டி விழுந்த அலை அவரை இழுத்துக்கொண்டு போனது. துக்கம் கேட்க வந்த அலைகட்டியார், "இடது கையில கட்டிட்டாரும்மா, அதான்" என்றார். பழியையும் பிணத்தின் மேலேயே போட்டாயிற்று. அண்ணி நம்பினார். இன்னும் தடித்த கயிறாக வாங்கி வாசலில் கட்டினார். வீடு அதே வளைவில்தான்.

சுவருக்குப் பின்னால் வரிசையாகத் தகரத் தொட்டிகள் வைத்து, எங்கே எவ்வளவு தண்ணீர் தாண்டி விழுகிறது என்று ஒரு பொறியாளர் அம்மா அளந்துகொண்டிருந்தார். அடுத்த புயல் நெருங்கிய அன்று காலையில் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"சாயங்காலம் கடல் ஏறுற நேரமும் பெரிய அலையும் ஒண்ணா வருது. இங்கதான் கொட்டும். காலி பண்ணுங்க."

"அலைகட்டியார் பாத்துக்குவாரு. நான் வரல" என்றார் அண்ணி.

"அண்ணனைக் குடுத்தது போதாதா அண்ணி?"

"நீ சும்மா இரு."

பொறியாளர் வாதாடவில்லை. எங்களைச் சுவருக்குக் கூட்டிப்போனார். மற்ற தொட்டிகளில் தண்ணீர். வழக்கமான இடத்தில் கம்பியோடு நின்ற அலைகட்டியாருக்குப் பின்னால் இருந்தது மட்டும் காய்ந்து கிடந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

"சாமி, கொஞ்சம் இறங்கி டீ குடிச்சிட்டு வாங்க" என்றார் பொறியாளர்.

இறங்கினார். கம்பியும் இறங்கியது. அலைகள் வந்தன, அதே இடத்தில் உடைந்தன. தொட்டியில் ஒரு துளி விழவில்லை.

"இப்ப யாரு கட்டுனது? டீயா?" என்றாள் கூட்டத்திலிருந்த ஒரு காய்க்காரி.

"நான் நின்ன இடம்மா! சக்தி தங்கும்!"

அண்ணி முன்னால் வந்தார். "அப்ப வளைவுல வந்து நில்லுங்க சாமி. என் புருஷன் நின்ன இடத்துல."

"இன்னைக்கு நாள் சரியில்ல..."

"ஒரு நிமிஷம் நின்னா போதும். வாங்க." கையைப் பிடித்தே இழுத்தார்.

"விடும்மா! அங்க நின்னா அலை அடிச்சிட்டுப் போயிரும்!"



"தெரிஞ்சேதான் அவருக்குக் கயிறு கட்டினியா?" என்றார் அண்ணி.

மழைக்கோட்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடியது.

"இடிஞ்ச படகுத்துறைக் கல்லெல்லாம் அவரு நின்ன இடத்துக்கு நேரா தண்ணிக்குள்ள குவிஞ்சு கிடக்கு. அலை அதுல மோதி முன்னாடியே உடைஞ்சிருது" என்றார் பொறியாளர். கடல் உள்வாங்கும்போதெல்லாம் வெளியே தெரிகிற கற்கள்தான். நாங்கள் பார்த்ததெல்லாம் கம்பியை.

மதியமே அண்ணியும் நானும் மேட்டுத் தெருவுக்குப் போய்விட்டோம். மாலையில் அலை வளைவைத் தாண்டி, எங்கள் கதவைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே புகுந்தது. உள்ளே ஆள் இல்லை.

மறுநாள் ஒருவர் சொன்னார்: "சாமியை விரட்டினீங்கல்ல, அதான் கடல் கோவிச்சிருச்சு."

ஐயா, கடலுக்குக் காது கிடையாது. மந்திரத்தைக் கேட்டு மயங்கியதெல்லாம் நம் காதுதான். அந்தக் காதுகளுக்கு நடுவே ஒன்று இருக்கிறதே, அதை வேறு யாரும் கட்டவில்லை, நாமேதான் கயிறு போட்டுக் கட்டிவைத்தோம். கொஞ்சம் அவிழ்த்து விடுங்கள், ஓடும்.