பெரேரா என்று தட்டிய நாள்

ஒரு காப்புறுதிக் கம்பனியின் கொழும்புக் கிளைகள் அத்தனையையும் ஒரேயொரு பெயரால் நிறுத்தி வைத்த பெருமை எனக்கு உண்டு. அதற்கு என் மண்டைக்கனம் ஒன்றே போதுமாக இருந்தது.

யுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் வாடகை அறையொன்றில் இருந்தேன். கம்பனியின் மெயின்ஃபிரேம் கணினியில் தரவுத்தளத்தைப் பராமரிப்பதும், கேட்டதும் அது சட்டென்று பதில் சொல்லும்படி பார்த்துக்கொள்வதும் என் வேலை. தகுதிகாண் காலம் முடிய இரண்டு கிழமை இருந்தது. வடக்கிலிருந்து வந்தவர்கள் கொழும்பில் தங்கப் பொலிசில் பதிந்திருக்க வேண்டிய காலம் அது. வேலை நிரந்தரம் என்று கடிதம் கிடைத்தால் பொலிசில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கலாம். கிடைக்காவிட்டால் கொழும்பில் இருக்கக் காரணமும் இல்லை, அறையும் இல்லை. புத்தியுள்ளவன் பயந்து பயந்து வேலை செய்திருப்பான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

வாடிக்கையாளரின் பெயரைக் கவுண்டரில் தட்டினால் அவருடைய விபரம் திரையில் வரவேண்டும். இதுதான் புதிய ஏற்பாடு. அதற்காகப் பெயர்களுக்கு ஒரு சுட்டி அமைத்தேன், புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி. பரீட்சித்துப் பார்க்க ஐந்நூறு பெயர் தேவைப்பட்டது. மாமாவின் கல்யாணத்துக்கு அழைத்தவர்களின் பட்டியல் பெட்டிக்குள் கிடந்தது, அதை அப்படியே ஏற்றினேன். தகப்பன் பெயரோடு எழுதினால் எங்கள் ஆட்களில் இரண்டு பேருக்கு ஒரே பெயர் வருவது அபூர்வம். ஒரு பெயருக்கு ஒரு ஆள்தான் என்று கணினி குறித்து வைத்துக்கொண்டது. எந்த வழியால் தேடுவது என்பதை அது அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் தீர்மானிக்கும். உண்மையான வாடிக்கையாளர்களை ஏற்றியதும் குறிப்பைப் புதுப்பிக்க வேண்டும். நான் புதுப்பிக்கவில்லை. (அதுதான் நன்றாக ஓடுகிறதே!)

புதிய ஏற்பாட்டின் திறப்பு நாளன்று சேர்மன் வந்தார். "பேரைச் சொல்லுங்கோ சேர், கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஆள் வரும்" என்று என் மேலாளர் ஃபலீல் சேரிடம் அளந்து வைத்திருந்தேன். முதல் வாடிக்கையாளராக ஹெந்தளையிலிருந்து வந்த ஒரு அம்மாவை அழைத்தார்கள். கவுண்டரில் இருந்தவள் கொட்டாஞ்சேனைச் சாந்தி.

"உங்கட பேர் என்ன?"

"பெரேரா" என்றார் அம்மா.

சாந்தி தட்டினாள். எல்லோரும் திரையைப் பார்த்தோம். நானும் கண்ணை மூடித் திறந்தேன். பல தடவை திறந்தேன்.

பெரேரா என்றால் ஒரு ஆள்தான் என்று நம்பிய என் அருமைக் கணினி, சொல்லடைவைப் பார்த்துப் பார்த்து, தரவு இருக்கும் வட்டின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி, ஆயிரக்கணக்கான பெரேராக்களை ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு வந்தது. வேறு எவருக்கும் பதில் சொல்ல அதற்கு நேரமில்லை. தொலைபேசி அடித்தது. பம்பலப்பிட்டிக் கிளையிலும் திரை நின்றுவிட்டதாம்.

"தம்பி, என்ன செஞ்சி வெச்சீக்கிறீங்க?" என்றார் ஃபலீல் சேர், சிரித்த முகத்தை மாற்றாமல். சேர்மனைத் தேநீருக்கு அழைத்துப் போகும்போது திரும்பி, "அரை மணித்தியாலம். அதுக்குப் பொறகு எனக்கும் வேலை ஈக்காது" என்றார்.

அந்தத் தேடலை நிறுத்திவிட்டு விழித்துக்கொண்டு நின்றேன். அம்மா கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"மல்லி, தம்பி, பேரால என்னைப் புடிக்க ஏலாது. எங்கட லேன்லயே ஆறு பெரேரா இருக்கு. இதப் பாருங்க."

அந்த அட்டையைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. சோதனைச் சாவடிக்குச் சாவடி நீட்டி நீட்டி, என் அட்டை இலக்கத்தை நித்திரையில் கேட்டாலும் ஒப்பிப்பேன். அட்டை இல்லாமல் வாசற்படி தாண்ட முடியாத ஒரு நகரத்தில், ஆளைப் பெயரால் தேட ஏற்பாடு செய்தவன் நான். இலக்கத்துக்குத் திரையில் ஒரு இடம் ஏற்கெனவே இருந்தது. அதற்கு ஒரு சுட்டிதான் இல்லை.

கணினி அறைக்கு ஓடினேன். இலக்கத்துக்குச் சுட்டி அமைத்தேன். பழைய குறிப்பைத் தூக்கி எறிந்து உண்மையான கணக்கை எடுக்க விட்டேன். தேடும் வழியைப் புதிதாகத் தீர்மானிக்கச் சொன்னேன். திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, சேர்மன் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

சாந்தி இலக்கத்தைத் தட்டினாள். விரலை எடுக்கும் முன்பே அம்மாவின் முழு விபரமும் வந்து நின்றது.

"ஆ, இது நான்தான்!" என்று அம்மா கைதட்டினார். சேர்மனும் தட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். பம்பலப்பிட்டியிலிருந்து மறுபடி தொலைபேசி வந்தது: இவ்வளவு வேகமாக வருகிறதே, ஏதும் பிழையா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைப் போல இனிமையான ஒன்றை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை.

இரண்டு கிழமையில் கடிதம் கிடைத்தது. அதைப் பொலிசில் காட்டிப் பதிந்துவிட்டு, வெள்ளவத்தையின் பெரிய தெருவான காலி வீதி முழுதும் எனக்கே எழுதி வைத்ததுபோல நடந்து போனேன்.

பிறகு சாந்தியைக் கல்யாணம் செய்தேன். (என் மண்டைக்கனத்தைத் தெரிந்துகொண்டுதான் சம்மதித்தாள்.) எங்கள் மகள் வளர்ந்து, ஒருநாள் ஒரு பையனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். நல்ல பிள்ளை, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பெயரைக் கேட்டேன்.

"பெரேரா, அங்கிள்."

சமையலறையில் சாந்தி சிரித்த சிரிப்பில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. எந்த விசேஷமென்றாலும், மருமகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவள் இந்தக் கதையைத் தொடங்கி விடுவாள். முடிக்கும்போது சொல்வது எப்போதும் ஒன்றுதான்:

"இவருட அவ்வளவு பெரிய மெஷினால ஏலாமப் போச்சு. என்ட மகள் ஒரே தடவைல சரியான பெரேராவப் புடிச்சிட்டா!"