வெயிலில் காய்ந்த ஃப்ரிட்ஜ் ஊறுகாய்

வேங்கிக்கால்,
பௌர்ணமிக்கு மறுநாள்.

மதிப்பிற்குரிய கஸ்தூரி அண்ணிக்கு அருணாதேவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் நலம். ஓசூரில் உங்கள் மகள் சிந்துஜா வீட்டில் நீங்களும், உங்கள் கைக்கட்டும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் பத்து வாக்கியம் பேசிவிடுவீர்கள். எலும்பு கூடும்வரை உங்களால் பதில் எழுத முடியாது என்பதே எனக்குத் தைரியம்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் தம்பியின் வெள்ளை வேட்டியைச் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்தேன். அது இப்போது ரோஸ் வேட்டி. காரணம், ஊறுகாய்.

பௌர்ணமிதோறும் அடி அண்ணாமலையில் உங்கள் வீட்டு வாசலில் கிரிவலம் வருகிறவர்களுக்கு நாம் கொடுக்கும் தயிர்சாதத்துக்குப் பெயர் வாங்கித் தருவது உங்கள் எலுமிச்சை ஊறுகாய்தான். நீங்கள் கையை முறித்துக்கொண்டதும் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. எலுமிச்சை ஊறுவதற்கு நாள் இல்லை. ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடையில் சாப்பிட்டது நினைவுக்கு வந்து, கேரட், முள்ளங்கி, வெள்ளரி, பீட்ரூட் எல்லாவற்றையும் மெல்லிசாக நறுக்கி, வினிகரும் தண்ணீரும் உப்பும் சர்க்கரையும் மிளகும் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு ஊற்றி, பாட்டில் பாட்டிலாக ஃப்ரிட்ஜில் அடுக்கினேன். எண்ணெய் வேண்டாம், வெயில் வேண்டாம், மறுநாளே சாப்பிடலாம். உங்கள் காதுக்குப் போய்விடுமே என்று உங்கள் தம்பியிடம் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அங்கேதான் வந்தது வினை.

நேற்றுக் காலை உங்கள் வீட்டு வாசலைக் கழுவிக் கோலம் போட்டுவிட்டு இங்கே எங்கள் வீட்டுக்குத் திரும்பினால், இவர் மொட்டை மாடியில் குடை பிடித்துக்கொண்டு காக்கை விரட்டிக்கொண்டிருக்கிறார். எதிரே விரித்த வேட்டியில் என் காய்கறிகள் வாடிச் சுருண்டு கிடக்கின்றன.

"என்னங்க இது?"

"ஊறுகாய யாராவது ஃப்ரிட்ஜ்ல வெப்பாங்களா? தண்ணி ஜாஸ்தியா விட்டுகினு இருந்துச்சு. நல்லவேள, நான் பாத்தேன். எல்லாத்தயும் வடிச்சுட்டேன்."

"வடிச்சத என்ன பண்ணீங்க?"

"வாழைக்கு ஊத்திட்டேன். அக்கா பாத்திருந்தா உன்னக் கிழிச்சிருக்கும். காப்பாத்தி வுட்டுருக்கேன், மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற!"

பின்பக்கத்து வாழை இன்று தலை தொங்கி நிற்கிறது. நேற்று நானும் அப்படித்தான் நின்றேன். சாயங்காலத்துக்குள் வேறு வழியில்லை. அவரே நல்லெண்ணெயைக் காய்ச்சி, கடுகு தாளித்து, மிளகாய்த்தூளும் வெந்தயப்பொடியும் போட்டுப் பிரட்டினார். புளிப்பும் இனிப்பும் காரமுமாக அது எந்த ஊர் ஊறுகாய் என்று எனக்கே தெரியவில்லை. பயந்துகொண்டே பரிமாறினேன்.

போளூரிலிருந்து வந்த ஓர் அம்மா இலையை மறுபடி நீட்டினாள். "இன்னா ஊறுகா இது? சூப்பரா கீதே! யாரு போட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் தம்பி, "எங்க அக்கா கைப்பக்குவம்மா" என்றார்.

காய் நறுக்கியது நான், காய வைத்தது அவர், பெயர் ஓசூரில் இருக்கும் உங்களுக்கு. கோபம் வரவில்லை, அண்ணி. ஒரு கரண்டி ஊறுகாய்க்கு என் பெயரைச் சொல்லவேண்டும் என்று இந்த வயதில் மனம் ஏங்குகிறதே என்று வெட்கமாகத்தான் இருந்தது. இனி ஊறுகாய்ப் பக்கமே நான் போவதாக இல்லை. கட்டுப் பிரித்ததும் அந்தப் பொறுப்பை நீங்களே திரும்ப ஏற்றுக்கொள்ள வேண்டும். சிந்துஜாவுக்கு என் அன்பு. உங்கள் ஆசி எங்களுக்கு என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
அருணா

பி.கு.: கடிதத்தை மடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். இட்லி மாவுக்குப் பின்னால், அவர் கண்ணில் படாத ஒரு சின்ன ஊறுகாய் பாட்டில் இருந்தது. நின்றபடியே, மிச்சமிருந்த தயிர்சாதத்தோடு மொத்தத்தையும் தின்று தீர்த்தேன். அண்ணி, மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். கைக்கட்டை அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம். அடுத்த பௌர்ணமிக்கும் நான்தான் போடப்போகிறேன். இதை இங்கே யாருக்கும் சொல்லவில்லை, உங்கள் தம்பிக்கும்தான். யார் போட்டது என்று யாராவது கேட்டால், இம்முறை அவருக்கு முன்னால் நான் வாயைத் திறந்துவிடுவேன்.