இன்முகப் பயணத் திட்டமும் ஒரு காதுகுத்தும்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று வரலாற்றுக்குத் தெரியாது. ஆனால் சக்கரம் உருளாமலேயே பயணிகளைச் சுகப்படுத்தலாம் என்று கண்டுபிடித்தவர் தர்மபுரி அருள்குமார்தான் என்பதை வரலாறு மறந்துவிடக் கூடாது.

அருள்குமார் ஒரு போக்குவரத்து அலுவலகத்தில் 'பயணிகள் நல்வாழ்வுப் பிரிவு' என்ற பிரிவுக்குத் தலைவர். அவரைத் தவிர அந்தப் பிரிவில் வேறு ஆள் கிடையாது என்பதால் அங்கே கட்டுப்பாடு மிகச் சிறப்பாக இருந்தது. பண்டிகை நாட்களில் பேருந்து நிலையத்தில் சனங்கள் படும் பாட்டைக் கண்டு மேலிடம் மனம் உருகியது. "ஏதாவது செய்யுங்கள், செலவில்லாமல் செய்யுங்கள்" என்று உத்தரவு வந்தது. அருள்குமார் உடனே கூட்டம் போட்டார். வண்டிகள் வந்து போகும் நேரம் பார்க்கும் மாதையன் அந்தக் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னார்.

"சார், பஸ்ஸு பத்தலைங்க. காணும் பொங்கலுக்கு ஒகேனக்கல் போறவங்க, விருந்துக்குப் போறவங்கன்னு சனம் அம்முது. இன்னும் நாலு வண்டி விட்டா சரியாப் போயிருமுங்க."

அருள்குமார் இரக்கத்தோடு சிரித்தார். "இதெல்லாம் பழைய சிந்தனை மாதையன். டென்ஷன் பஸ்ஸுலயா இருக்குது? மனசுல இருக்குது. மனசச் சரி பண்ணிட்டா அப்புறம் பஸ்ஸு எதுக்கு?"

"ஊருக்குப் போறதுக்குங்க சார்."

இந்தக் குறுக்கீடு நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

இப்படிப் பிறந்ததுதான் 'இன்முகப் பயணத் திட்டம்'. வண்டி வந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் சொன்னால் சனங்கள் ஓடுகிறார்கள். ஓடினால் மூச்சு வாங்குகிறது. ஆகவே அறிவிப்பு நிறுத்தப்பட்டு, அந்த இடத்தில் புல்லாங்குழல் ஒலிக்க ஏற்பாடானது. காத்திருப்பவர்கள் வெயிலில் நிற்கக் கூடாது என்று வண்டிகள் நிற்கும் இடத்திலேயே பெரிய பந்தல் போடப்பட்டது. "அப்ப வண்டி எங்கங்க நிக்கும்?" என்று கேட்டவர்களுக்கு இலவசச் சிரிப்புப் பயிற்சி அளிக்கப்பட்டது.

காணும் பொங்கலன்று காலை தொடக்க விழா. சிறப்பு விருந்தினர் வருகிறார்; கைதட்ட ஆள் வேண்டும். நிலையத்தில்தான் ஏகப்பட்ட சனம் காத்துக் கிடக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். அருள்குமாரும் இரண்டு நாள் முன்பே அங்கே காத்திருந்தவர்களைப் போய்ப் பார்த்தார். ஒருவர் முகத்திலாவது சிரிப்பு இருக்க வேண்டுமே! புகைப்படத்துக்கு ஆகாத முகங்கள். எனவே, கிராமங்களில் 'ஏற்கெனவே மகிழ்ச்சியாக இருக்கும்' மக்களை அழைத்துவரக் கைக்கு அகப்பட்ட வண்டிகளையெல்லாம் சிறப்புப் பணிக்கு அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

"சார், ஏரியூரு வண்டியும் அதுல இருக்குதுங்க" என்றார் மாதையன் தயங்கித் தயங்கி. "அன்னிக்கு நீங்களே ஏரியூரு போவணுமில்லீங்களா?"

போக வேண்டும்தான். அருள்குமாரின் தங்கை கோகிலவாணி ஏரியூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகனுக்கு அன்றுதான் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்த இடம் வேறு யாருக்கும் கிடையாது. தகப்பன் இல்லாத வீட்டில் அவளைத் தூக்கி வளர்த்து, கடன் வாங்கிக் கட்டிக்கொடுத்தவர் அருள்குமார். அவள் பிள்ளை தன் மடியில் உட்காரப்போகிறான் என்று நினைத்தாலே அவருக்குக் கண் கலங்கிவிடும். இதில் கேலி ஒன்றும் இல்லை; மனிதர் நிஜமாகவே அப்படித்தான்.

"விழா ஒம்பதுக்கு முடிஞ்சிரும் மாதையன். சனத்தக் கொண்டுபோயி விடற அதே வண்டியில நானும் போயிடறேன். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா!"

விழா நாளன்று அவர் மனைவி மணிமேகலை பட்டுப்புடவை கட்டி, பழம், தேங்காய், குழந்தைக்கு உடுப்பு என்று சீர்த்தட்டுகளோடு பந்தலுக்குள் வந்து உட்கார்ந்தாள். தங்கக் கம்மல் மட்டும் பத்திரமாக அருள்குமாரின் சட்டைப் பையில் இருந்தது. ஏரியூர் வண்டி மகிழ்ச்சியான மக்களோடு வந்து சேர்ந்தது. சிறப்பு விருந்தினர்தான் வரவில்லை. அவர் வழியில் வேறொரு விழாவைத் தொடங்கிவைத்துக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது.

போன் அடித்தது. "அண்ணா, எங்க இருக்கிற?" என்றாள் கோகிலவாணி. "ஆசாரி வந்துட்டாரு. நேரம் போவுது."

"வந்துட்டே இருக்கேன் கண்ணு. பென்னாகரம் தாண்டியாச்சு" என்றார் அருள்குமார், மேடையில் நின்றபடி.

"என்னமோ புல்லாங்குழல் சத்தம் கேக்குது?"

"பஸ்ஸுல பாட்டுப் போட்டிருக்கான்."

"உங்களுக்கே இது நல்லா இருக்குதுங்களா?" என்றாள் கீழே இருந்த மணிமேகலை. "ஒரு ஆட்டோவாச்சும் பாருங்க."

பார்த்தார். ஆட்டோக்காரர்கள் எல்லாம் வண்டி கிடைக்காத பயணிகளை ஏற்றிக்கொண்டு எப்போதோ போயிருந்தார்கள். அலுவலக ஜீப் விருந்தினரை அழைத்துவரப் போயிருந்தது. வந்த ஆட்களை விருந்தினர் வரும்வரை எழவிடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. புல்லாங்குழல் மட்டும் நிற்காமல் ஒலித்தது.

வெயில் ஏறிய பிறகு விருந்தினர் வந்தார். "அருள்குமார் போன்றவர்கள் இருக்கும்வரை பண்டிகைப் பயணம் ஒரு இன்பச் சுற்றுலா" என்று பேசி, அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். கைதட்டல் ஓயுமுன் அருள்குமார் மேடையிலிருந்து குதித்து ஏரியூர் வண்டியை நோக்கி ஓடினார். ஓடினால் மூச்சு வாங்கும் என்ற தமது கண்டுபிடிப்பு முற்றிலும் சரி என்பதை வழியெல்லாம் உணர்ந்தார்.

வண்டிக்குள் ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு துண்டு கிடந்தது. ஏரியூர்க்காரர்கள் காலையில் இறங்கும்போதே திரும்பிப் போக இடம் பிடித்து வைத்திருந்தார்கள். அவர் மூச்சு வாங்கி வந்து சேர்வதற்குள் அவர்கள் முந்தி ஏறிவிட்டதால், வாசலில் ஒரு கால் வைக்கவும் இடமில்லை. சீர்த்தட்டோடு மணிமேகலை எப்படி ஏறுவாள்? அருள்குமார் யோசிக்கவில்லை. தோளிலிருந்த பொன்னாடையை உருவிச் சன்னல் வழியாக ஒரு இருக்கையில் வீசினார்.

"யாருதுங்க இது பளபளன்னு?" என்று உள்ளேயிருந்து நஞ்சம்மாள் என்ற பெண் அதை எடுத்து வெளியே நீட்டினாள். "காத்தாலயே நாங்க துண்டு போட்ட எடமுங்க இது."

"நான் இந்தத் திட்டத்தோட அதிகாரிம்மா!"

"அதிகாரியா இருந்துட்டுப் போங்க, யாரு வேண்டாங்கறா? மொதல்ல போட்டது எங்க துண்டுங்க."

வண்டி நகர்ந்தது. பொன்னாடையோடு அவர் பந்தலுக்குத் திரும்பி நடந்தபோது மறுபடி போன் அடித்தது.

"கோகிலா, இதா வந்துட்டேன், ஒரு அஞ்சு நிமிசம்..."

"மெதுவாவே வாண்ணா. அவசரமில்ல." அவள் குரல் ஓய்ந்திருந்தது. "குத்தி முடிச்சாச்சு. ஆசாரிக்கு வேற ஊருல வேலையாம், நிக்க மாட்டேன்னுட்டாரு. எம் மாமனாரு மடியில வெச்சு, ஆசாரி கொண்டாந்த கம்பியப் போட்டாச்சு. சொந்தக்காரங்க பாதிப்பேரு உன்ற கூட்டத்துக்குத்தான் வந்திருக்காங்க, சோறு அப்புடியே கெடக்குது. அண்ணன் இல்லாத பொண்ணாட்டம் நின்னேண்ணா நானு."

அருள்குமார் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். மணிமேகலை அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டுகளைத் துணியால் மூடினாள். பயணிகளுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வந்திருந்த செவிலியர் சகாயமேரி, அவர் நிலையைக் கண்டு பயந்து ஓடிவந்து கையில் பட்டையைச் சுற்றினாள்.

"நார்மலா இருக்குதுங்க சார்" என்றாள் வியப்போடு. "பயண டென்ஷன் துளிகூட இல்லீங்க."

"இனி எங்கம்மா போறதுக்கு இருக்குது?" என்றார் அருள்குமார்.

இன்முகப் பயணத் திட்டத்தின் மகத்தான வெற்றி இதுதான். பந்தலில் அவரைச் சுற்றி, சாவுக்குப் போக முடியாதவரும் பெண் பார்க்கப் போக முடியாதவரும் ஆஸ்பத்திரியில் கிடக்கும் பிள்ளையைப் பார்க்கப் போக முடியாதவளும் துளிப் பதற்றமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரையும் இந்த நிம்மதிக்குக் கொண்டுவந்தது அருள்குமாரின் ஒரே ஒரு கையெழுத்து.